இரண்டு ராகு காலங்களுக்கு நடுவில் ஒரு பாஸ்

மாலையில் வட்ட விளக்கைப் போட்டு, போனை முக்காலியில் மாட்டியதும் எனக்கு உள்ளங்கால் பரபரக்கத் தொடங்கிவிடும். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெரு ஒன்றில் எங்கள் புடவைக் கடை. வாரத்தில் நாலைந்து நாள் மாலையில் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு நேரலையில் விற்போம். நான் புடவையை விரித்து, முந்தானையைத் தோளில் போட்டு, அதன் எண்ணைச் சொல்வேன். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் அந்த எண்ணோடு 'பிளஸ் ஒன்' என்று முதலில் தட்டுகிறாரோ அவருக்குத்தான் புடவை. ஈசூனில் ஒருவர், ஜூரோங்கில் ஒருவர், கடல் தாண்டி ஜொகூரில் ஒருவர், மூவரும் ஒரே நொடியில் தட்டுவார்கள். உடனே சண்டை. "நான்தான் முதல்ல." "இல்ல, என் நெட்டு ஸ்லோ." "போன தடவையும் இவங்கதான் எடுத்தாங்க." நான் இங்கே நின்றுகொண்டு சமாதானம் செய்வேன், சிரிப்பேன், அடுத்த புடவையை உருவுவேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியாது. தொண்டை கட்டும், இடுப்பு வலிக்கும், ஆனால் நாளைக்கு எப்போது விளக்கைப் போடுவோம் என்று இருக்கும்.

நான் திருச்சிக்காரி. பொறியியல் படித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பிடோக்கில் வந்து இறங்கினேன். கணவர் ரயில் பராமரிப்பில் டெக்னிஷியன். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன்; இங்கேயே பிறந்து, இங்கேயே ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். முதல் சில மாதம் எனக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிற சுபாவமும் இல்லை. பசாருக்குப் போய் மீன் விலை கேட்பேன், பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவேன், சன்னலில் நின்று எதிர் புளோக்கில் யார் வீட்டில் என்ன துணி காய்கிறது என்று பார்ப்பேன். பிறகு ஒருநாள் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி, "வேலை இருக்காக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். புடவைக் கடை முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "பேசத் தெரியுமா?" என்றார். "நிறுத்தத்தான் தெரியாது" என்றேன். அங்கேயே வேலை முடிவானது.

ஆனால் அந்த வேலை ஒரு நூலில் தொங்கியது. குடிமகனின் மனைவி என்பதால் எனக்கு இங்கே தங்க ஒரு பாஸ். வேலை செய்யும் அனுமதி அந்தப் பாஸோடு ஒட்டிப் பிறந்தது. பாஸ் இருக்கும்வரை வேலை. அது முடிந்தால் அந்த நிமிடமே இதுவும் முடிந்தது. நிரந்தரவாசத்துக்குத் தனியாக விண்ணப்பித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. காலையில் பல் துலக்கும்போதே இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று அது சொல்லும். சரி, பரிசீலி என்று மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

அந்த வருடம் என் பாஸ் ஒரு திங்கட்கிழமையோடு முடிந்தது. அதே திங்கள் மாலைதான் எங்கள் தீபாவளி நேரலைகளில் முதலாவது. வருடம் முழுக்க விற்பதில் பாதியை அந்தச் சில வாரங்களில் விற்றுவிடும் கடை எங்களுடையது. நெசவுக்காரர்களிடமிருந்து மூட்டை மூட்டையாக மென்பட்டு வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசிவரை ஒளித்துவைப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸைப் புதுப்பிக்க முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தோம். பதில்தான் வரவில்லை.

முதலாளியம்மா அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இந்தா பாரு, திங்கக்கிழமைக்குள்ள புதுப் பாஸ் கையில இல்லன்னா உன்னைய கேமரா முன்னாடி ஒரு நிமிஷம்கூட நிக்க விடமாட்டேன். நீ சும்மா வந்து துணி மடிச்சாலும் அது வேலைதான். என் கடைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து."

"வந்துரும்க்கா."

"வரலன்னா? அந்தப் பக்கத்துத் தெருப் பொண்ணு ரெடியா இருக்கா. அவ வந்து சீசன் முழுக்க நின்னுட்டா, ஆளுங்க அவ மூஞ்சிக்குப் பழகிருவாங்க. அப்புறம் உன்னைய எப்படி நான் திரும்ப நிறுத்துறது?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நேரலையில் அப்படித்தான். பார்க்கிறவர்கள் ஒரு முகத்துக்குப் பழகுவார்கள். அந்த முகமாக நான் ஆகியிருந்தேன். மார்க்கெட்டில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, "நீங்க அந்தப் புடவைப் பொண்ணுதானே?" என்று கேட்டிருந்தார்கள். இந்த ஊரில் அதுவரை நான் ஒருவருடைய மனைவி, ஒருவருடைய மருமகள். புடவைப் பொண்ணு என்பது நானே சம்பாதித்த பெயர். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

புதன்கிழமை மதியம் கணவர் போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது. "வந்துருச்சுடி! புதுப்பிச்சுட்டாங்க. ஒரு தடவை நேர்ல வந்து கைரேகை வைக்கணுமாம், அவ்ளோதான். வெள்ளிக்கிழமை பதினோரு மணி ஸ்லாட் போட்டுட்டேன்." நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்த ஒரு சீன அம்மா கையிலிருந்த சால்வையைக் கீழே போட்டுவிட்டார். என்னோடு வேலை செய்யும் தோழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நேரலையில் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து யார் முதலில் தட்டினார் என்று வாசிப்பவள் அவள்தான். "பிரியாணி பெலாஞ்சா பண்ணுடி, சும்மா தப்பிக்காத லா" என்றாள். பெலாஞ்சா என்றால் இந்த ஊரில் விருந்து வாங்கிக் கொடுப்பது. வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தையும் முதலில் சந்தோஷப்பட்டார். பாயசத்துக்குச் சேமியா எடுக்கக்கூடப் போனார். போகிற வழியில் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தார். சேமியா டப்பா அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னண்டு ராகு காலம்மா. பதினோரு மணி நட்ட நடுவுல வருது."

"அது கைரேகை வைக்கிறதுதானே அத்தை."

"இந்த ஊர்ல நீ இருக்கலாமான்னு முடிவு பண்ற விஷயம். ராகு காலத்துல போய் கைய வைப்பாங்களா?"

திருச்சியில் இருக்கும் என் அம்மாவிடம் வீடியோவில் புலம்பினேன். அம்மா கணக்கில் புலி. "இருடி, உங்க ஊர் பதினோரு மணின்னா இங்க எட்டரை. எட்டரைக்கு ராகு காலமே இல்லையே! நீ பிறந்தது திருச்சி, உன் ஜாதகம் திருச்சி, உனக்கு இந்த ஊர் நேரம்தான் கணக்கு. தைரியமாப் போ."

பின்னால் சேமியா வறுத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது. கரண்டியோடு போனுக்குள் தலையை நீட்டினார். "சம்பந்தி, கால் எந்த மண்ணுல நிக்குதோ அந்த மண்ணு நேரம்தான். உங்க ஊர்ல சூரியன் வர்றப்ப நாங்க இங்க காலைப் பசியாறி முடிச்சிருவோம்!"

"அப்ப ராகு இங்கேர்ந்து பிளேன் ஏறி வர்றாரா சம்பந்தி?"

"அவரு எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடியே வந்துர்றாரு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் போய்க் கைரேகை வைக்கப்போகிறேன், அத்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், தீபாவளிக்கு அவருக்கு ஒரு நல்ல மென்பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கணவர் கடை வாசலில் வந்து நின்றார். வேலை நேரத்தில் அவர் வந்ததே இல்லை. பக்கத்துப் பூக்கடையின் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே, சீருடையோடு, முகம் வெளுத்து நின்றார். வெளியே போனேன்.

"திட்டாத."

"என்ன?"

"அம்மா காலையில அழுதுட்டாங்க. அதான் நான் ஒன்பதரைக்கு மாத்தலாம்னு பாத்தேன். வெள்ளி ஒன்பதரை காலியா இருந்துச்சு. பழச கேன்சல் பண்ணாத்தான் புதுசு எடுக்க விடுது. கேன்சல் பண்ணேன். திரும்பி வர்றதுக்குள்ள ஒன்பதரை போயிருச்சு."

"சரி, பதினொண்ணத் திரும்ப எடு."

"அதுவும் போயிருச்சு."

"அடுத்தது?"

"செவ்வாக்கிழமை."

திங்கட்கிழமை முடியும் பாஸுக்குச் செவ்வாய்க்கிழமை நேரம். சிராங்கூன் சாலையில் அத்தனை பஸ் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் காது அடைத்துப்போனது. வீட்டில் அத்தை முன்னால் நான் கணவரை 'நீங்க' என்றுதான் சொல்வேன். தெருவில் அந்த மரியாதையெல்லாம் பறந்தது. "ரயிலே தடம் மாறாமப் பாத்துக்கிற ஆளு, ஒரு ஸ்லாட்டப் பாத்துக்க முடியல உனக்கு?" பூக்கடை அக்கா சரம் தொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களையே வேடிக்கை பார்த்தார். இன்னும் ஏதேதோ திட்டினேன். அவர் தலையைக் குனிந்து போனைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். யாராவது ஒருவர் தன் நேரத்தை விட்டால் நமக்குக் கிடைக்கும். இனி அது ஒன்றுதான் வழி.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். மறைப்பதில் அர்த்தம் இல்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ராகு காலத்துக்குப் பயந்து ஸ்லாட்ட விட்டீங்களா? இத வெளியில யாருகிட்டயும் சொல்லிராதீங்க." அப்புறம் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல அந்தப் பொண்ணக் கூப்பிட்டுத்தான் ஆகணும்மா."

என் தோழி மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். விஷயத்தைக் கேட்டு அவளுக்கு ஒரே ஆச்சரியம். "இதுல ரெண்டு ஊரு டைமிங் வேறயா? எங்க வீட்ல ஒரே ரூல்தான்டி, ஞாயித்துக்கிழமை பூசைக்கு லேட்டா போகக் கூடாது. அதையே நாங்க ஃபாலோ பண்றதில்ல."

அன்று மாலையும் நேரலை இருந்தது. அதை எப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வட்ட விளக்கு எரிந்தது, நான் பேசினேன். "பாருங்க, மயில்கழுத்து நிறம், கரை மட்டும் அரக்கு, இத மடிச்சு வச்சா ஒரு கலர், விரிச்சா ஒரு கலர்." கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவர் வேலை முடிந்து வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், கட்டை விரல் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. எனக்கு எதிரே கேமரா, கேமராவுக்குப் பின்னால் தோழி, அவளுக்குப் பின்னால் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் என் தலையெழுத்து. நான் இலைப்பச்சையை விரித்தபோது அவர் துள்ளினார். நிஜமாகவே துள்ளினார்! இரண்டு கையையும் தூக்கிக் கண்ணாடியில் தட்டினார். தடுக்க முடியாமல் நேரலையிலேயே, "கிடைச்சிருச்சா?" என்று கத்திவிட்டேன். திரையில் கேள்விகள் ஓடின. 'யாருக்குக் கிடைச்சது?' 'நான்தானே முதல்ல போட்டேன்?' 'எண் சொல்லவே இல்லையே சிஸ்?' தோழி சிரிப்பை அடக்க முந்தானை ஒன்றை வாயில் திணித்துக்கொண்டாள். அது விற்பனைக்கு வைத்திருந்த முந்தானை.

கிடைத்த நேரம் திங்கட்கிழமை காலை பத்தே கால். கடைசி நாள், ஆனாலும் நாள்தானே! அன்று இரவு ரயிலில் பிடோக் வரும்வரை நான் கணவரின் கையை விடவில்லை. அவரும் மன்னிப்பு கேட்பதை விடவில்லை.

வீட்டில் அத்தை காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை இங்கே ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. பத்தே கால் சுத்தம். முகம் மலர்ந்துவிட்டது. நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா விரல் விட்டு எண்ணினார். "அய்யய்யோ. இங்க ஏழே முக்கால்டி. சரியா ராகு காலத்துக்குள்ள போய் விழுது!"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கணவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அவர் போனைத் தொடவே இல்லை. சொல்லப்போனால் நான் அதைப் பிடுங்கி என் பையில் போட்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தை அந்தக் காரியத்தைச் செய்தார். என் கையிலிருந்து போனை வாங்கினார். "சம்பந்தி, நான் சொல்றதக் கேளுங்க. அங்க போய்ச் சேர்ற நேரம் ஆபீஸ்காரங்க கொடுக்கிறது, அது நம்ம கையில இல்ல. வீட்ட விட்டுக் கிளம்புற நேரம் நம்ம கையில இருக்கு. ஏழரைக்கு முன்னாடியே இவங்க ரெண்டு பேரையும் வாசல் தாண்ட வெச்சிர்றேன். அப்ப எங்க ஊர்லயும் ராகு வரல, உங்க ஊர்ல விடியவே இல்ல."

அம்மா யோசித்தார். "கிளம்பிட்டா கிளம்புனதுதானே?"

"கிளம்பிட்டா காரியம் ஆரம்பிச்சதாத்தான் அர்த்தம். நடுவுல எதுக்கும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அவ்ளோதான்."

"நீங்க சொன்னாச் சரி சம்பந்தி."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இருவரும் முழுசாக ஒத்துப்போனது இதில்தான்.

திங்கள் காலை அத்தை எங்களை ஏழு மணிக்கே வாசலுக்குத் தள்ளிவிட்டார். நெற்றியில் திருநீறு, பையில் பாஸ்போர்ட். லிஃப்ட் கீழே இறங்கும்போதுதான் போன் சார்ஜரை விட்டுவிட்டேன் என்று நினைவு வந்தது. மேலே போகலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கணவர் லிஃப்ட் பொத்தான்களுக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "செத்தாலும் திரும்ப முடியாது." இருவரும் லிஃப்ட்டுக்குள்ளேயே சிரித்தோம்.

அலுவலகத்துக்கு அருகே இருந்த கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தபோது எங்கள் நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. இரண்டு சுற்றுக் கோப்பி, காயா என்னும் தேங்காய் ஜாம் தடவிய ரொட்டி, பிறகு இன்னொரு கோப்பி. பக்கத்து மேசையில் வியட்நாமிய மணப்பெண் ஒருத்தி கணவனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலும் இதே மாதிரி பிளாஸ்டிக் உறை, இதே மாதிரி பாஸ்போர்ட். என்னைப் பார்த்தாள், என் உறையைப் பார்த்தாள், கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டினேன்.

உள்ளே எண் கூப்பிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். கைரேகை பிடிக்கும் கண்ணாடியில் என் விரல் முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை. அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "துணி விற்கிறேன், நாள் முழுக்கப் பட்டு மடிக்கிறேன்." "அதான் இவ்வளவு வழுவழுப்பு" என்று சிரித்து, ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தார். துடைத்தேன், அழுத்தினேன், விழுந்தது. கண்ணைப் படம் எடுத்தார். எதையோ தட்டினார். "முடிந்தது. இன்றிலிருந்தே செல்லும்."

"இன்னிக்கே?"

"இன்றைக்கே."

வெளியே வந்ததும் கணவர் இரண்டு வீட்டுக்கும் தகவல் அனுப்பினார். எனக்கு நிற்கப் பொறுமை இல்லை. நிரந்தரவாசம் காலையில்கூட 'பரிசீலனையில்'தான் இருந்தது. அது வருகிறபோது வரட்டும், வராவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கிறேன். எனக்கு அன்றைக்கு வேண்டியது அந்த மாலை. ரயிலில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, நகரும் படிக்கட்டில் நிற்காமல் ஏறி, அலங்கார வளைவுகளுக்குக் கீழே, வடை வாசனைக்கும் வண்டிக் கூட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஓடினேன்.

கடைக்குள் அக்கா போனைக் கையில் வைத்திருந்தார். பக்கத்துத் தெருப் பெண்ணின் எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று பிறகு தோழி சொன்னாள். நான் புதுப் பாஸை என் போன் திரையில் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார், தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சாப்பிட்டியா?"

"கோப்பிதான்க்கா."

"போய் நல்லாச் சாப்பிட்டு வா. இன்னிக்கு மூணு மணி நேரம் போடப் போறோம். இந்த சீசன் முழுக்க நீதான்."

மாலையில் விளக்கைப் போட்டோம். திரையில் ஆட்கள் ஏற ஏற எண்ணிக்கை துள்ளியது. தோழி மூன்று விரலைக் காட்டி, இரண்டைக் காட்டி, ஒன்றைக் காட்டினாள். நான் முதல் மென்பட்டை எடுத்து உதறினேன், காற்றில் அது அரை நொடி நின்றது.

"வணக்கம், வணக்கம்! எல்லாரும் வந்துட்டீங்களா? கைய ரெடியா வச்சுக்குங்க, இன்னிக்கு நான் மெதுவாப் பேசப் போறதில்ல."